குடம் சுமந்த உழைப்பின் கணக்கு

1980-களின் இறுதியில், கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், மாணவர்களை அழைத்துக்கொண்டு ராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட சிற்றூர் ஒன்றுக்குக் கள ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். வீட்டுக்கு வீடு சென்று வினாப் படிவங்களை நிரப்ப வேண்டும். கண்மாய்க்குள் தோண்டியிருந்த ஊற்றிலிருந்து, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார். 'என்ன வேலை பார்க்கிறீர்கள் அம்மா?' என்று கேட்டேன். 'வேலை ஒண்ணும் இல்ல சார், வீட்டுல சும்மாதான் இருக்கேன்' என்றார். அன்று விடிந்ததிலிருந்து அது அவருக்கு நான்காவது நடை. நானும் படிவத்தில் 'தொழில்: இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்தப் பிழை என்னுடையது மட்டுமன்று. ஐக்கிய நாடுகள் அவையின் தேசியக் கணக்கு முறை, வீட்டுத் தேவைக்காக நீர் சுமந்து வருவதையும் உற்பத்தி என்றே கொள்கிறது. ஆனால், நம் நாட்டின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில், வீட்டுப் பணியோடு விறகும் நீரும் சேகரிக்கும் பெண், தொழிலாளர் படையில் இல்லாதவர் என்றே வகைப்படுத்தப்படுகிறார். ஒரு குடிநீர்த் திட்டத்தின் பொருளாதாரப் பயனை மதிப்பிடும்போது நமக்கு நேரும் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. திட்டம் உருவாக்கும் வேலைகளை நாம் எண்ணுகிறோம். திட்டம் இறக்கிவைக்கும் சுமையை எண்ணுவதில்லை.

ஊரக வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு வழங்கும் ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. அப்போது நாட்டின் ஊரக வீடுகளில் 3.23 கோடி வீடுகளில் மட்டுமே குழாய் இணைப்பு இருந்தது. ஏறத்தாழ 17 விழுக்காடு. தமிழ்நாட்டின் நிலையும் அதே விகிதம்தான். சுமார் 1.25 கோடி ஊரக வீடுகளில் ஏறத்தாழ 22 லட்சம் வீடுகளுக்கே இணைப்பு இருந்தது. நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நல்ல நீர் என்பது இலக்கு. அப்போதைய மொத்த மதிப்பீடு 3.60 லட்சம் கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 2.08 லட்சம் கோடி. 2025 பிப்ரவரியில் தாக்கல் செய்யப்பட்ட நிதிநிலை அறிக்கை, 15 கோடி வீடுகளுக்கு இணைப்பு வழங்கப்பட்டுவிட்டதாகவும், எஞ்சிய பணிக்காகத் திட்டம் 2028 வரை நீட்டிக்கப்படுவதாகவும் கூறியது. ஐந்தாறு ஆண்டுகளில் இத்தனை கோடி வீடுகளைக் குழாய் எட்டியது சாதாரணச் செய்தியன்று.

இத்தகைய திட்டத்தால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்? பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்புடன் இணைந்து இதற்கொரு மதிப்பீட்டைத் தயாரித்தது. கட்டுமானக் கட்டத்தில் நேரடியாக 59.9 லட்சம் மனித ஆண்டுகளும், மறைமுகமாக 2.2 கோடி மனித ஆண்டுகளும் வேலைவாய்ப்பு உருவாகும் என்பது அதன் முடிவு. இந்த எண்களைச் செய்திகளில் பார்ப்பவர்கள், ஏறக்குறைய மூன்று கோடிப் பேருக்கு வேலை கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுண்டு. அது சரியன்று.

ஒருவர் ஓராண்டு முழுவதும் செய்யும் வேலைதான் ஒரு மனித ஆண்டு. ஒரே ஆள் ஐந்தாண்டுகள் வேலை செய்தால் அது ஐந்து மனித ஆண்டுகள். பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஒரு மாதம் வேலை செய்தால் அது ஒரே ஒரு மனித ஆண்டு. எனவே, 59.9 லட்சம் மனித ஆண்டுகளைத் திட்டத்தின் ஐந்தாண்டுத் தொடக்கக் காலத்துக்குப் பகிர்ந்தால், ஆண்டுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு லட்சம் பேருக்கு நேரடி வேலை என்றாகிறது. மறைமுக வேலை ஆண்டுக்கு ஏறத்தாழ 44 லட்சம் பேருக்கு. இதுவும் சிறிய எண் அன்று. ஆனால், கோடி என்று கேட்டவுடன் மனத்தில் எழும் தோற்றம் வேறு, உண்மை வேறு.

நேரடி வேலை என்பது பள்ளம் தோண்டுபவர், கொத்தனார், குழாய்ப் பொருத்துநர், மின்பணியாளர், மேற்பார்வைப் பொறியாளர் ஆகியோருடையது. மறைமுக வேலை, களத்திலிருந்து வெகுதொலைவில் நிகழ்வது. குழாய், வால்வு, சிமென்ட், கம்பி, மோட்டார் ஆகியவற்றை உற்பத்தி செய்யும் ஆலைகளிலும், அவற்றை ஏற்றிச் செல்லும் லாரிகளிலும், விற்கும் கடைகளிலும் அது உருவாகிறது. பிகாரின் ஓர் ஊரில் நீர்த்தேக்கத் தொட்டி கட்டப்பட்டால், பம்ப்செட் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோவையின் ஏதோவொரு பட்டறையில் கூடுதலாக ஒரு பணிமுறை ஓடக்கூடும். மறைமுக வேலையின் எண்ணிக்கை நேரடி வேலையைவிட மூன்று மடங்குக்கும் மேலாக இருப்பதற்கு இதுவே காரணம். இவ்வகைச் செலவில் பெரும்பகுதி பொருள்களுக்கே போகிறது. அப்பொருள்களோ பெரும்பாலும் உள்நாட்டிலேயே உற்பத்தியாகின்றன.

கட்டுமான வேலைக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது, பணி முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். இரண்டாவது, அது அரசின் நிதி ஓட்டத்தையே முழுமையாக நம்பியிருக்கிறது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் இத்திட்டத்துக்கு 70,163 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாகக் குறைந்தது. அடுத்த ஆண்டுக்கு 67,000 கோடி என்று மீண்டும் அறிவிக்கப்பட்டது. ஒதுக்கீடு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்போது முதலில் பாதிக்கப்படுபவர், மாதச் சம்பளம் வாங்குபவர் அல்லர். அன்றாடக் கூலிக்குப் பள்ளம் தோண்டியவரும், கடன் வாங்கிக் குழாய் இறக்கிய சிறு ஒப்பந்ததாரரும்தான். கட்டுமான வேலைவாய்ப்பை மட்டும் வைத்து ஒரு குடிநீர்த் திட்டத்தைப் பாராட்டினால், நிதி வற்றும் நாளில் அந்தப் பாராட்டும் வற்றிவிடும்.

ஆகவே, நிலைத்த பயனை வேறிடத்தில் தேட வேண்டும். முதலாவது, நேரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஊரக வீடுகளில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் அரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து குடிநீர் கொண்டுவந்தனர். நாட்டின் எல்லா ஊரக வீடுகளுக்கும் குழாய்நீர் கிடைத்துவிட்டால் நாளொன்றுக்கு 5.5 கோடி மணி நேரம் மிச்சமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகிறது. அதில் பெரும்பகுதி பெண்களின் நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாகக் கொண்டு வகுத்துப் பார்த்தால், அது ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் முழுநாள் உழைப்புக்குச் சமம். கட்டுமானக் கட்டத்தில் ஆண்டுக்குக் கிடைக்கும் நேரடி வேலையைவிட இது பல மடங்கு பெரியது. மேலும், கட்டுமானம் முடிந்தாலும் இது முடிவதில்லை. குழாயில் நீர் வரும் வரை நாள்தோறும் தொடரும்.

இவ்வாறு மிச்சமாகும் நேரம் தானாகவே வருமானம் தரும் வேலையாக மாறிவிடுமா? என் வகுப்புகளில் பல ஆண்டுகள், மாறிவிடும் என்றே நானும் சொல்லி வந்திருக்கிறேன். ஆய்வுகள் அவ்வளவு எளிதாக அதை ஒப்புக்கொள்ளவில்லை. மொராக்கோ நாட்டின் டான்ஜியர் நகரில், பொதுக்குழாயில் நீர் பிடித்துவந்த குடும்பங்களுக்குக் கடனுதவியுடன் வீட்டிணைப்பு பெற வழிசெய்து, விளைவுகளை அளந்தது ஓர் ஆய்வு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூஃப்லோவும் அந்த ஆய்வுக் குழுவில் ஒருவர். 2012-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, குடும்பங்களுக்குக் கணிசமான நேரம் மிச்சமானது, நீர் குறித்த சச்சரவுகள் குறைந்தன, மனநிறைவு கூடியது. ஆனால், வருமானம் உயரவில்லை. மிச்சமான நேரம் ஓய்வுக்கும் உறவுகளுக்கும் சென்றது. ஒன்பது வளரும் நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வும், நீர் அருகில் கிடைப்பதால் மட்டுமே பெண்கள் கூலி வேலைக்குச் செல்வது கூடிவிடவில்லை என்றது. அதேவேளை, பல இடங்களில் குழந்தைகள் பள்ளி செல்வது கூடியிருந்தது.

இதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நீருக்கு நடந்த ஒரு பெண், ஐந்து மணி வரை உறங்க முடிவதே ஒரு பயன்தான். ஓய்வை ஆண்களின் உரிமையாகவும் பெண்களின் சோம்பலாகவும் பார்க்கும் கணக்கைப் பொருளியல் ஏற்க வேண்டியதில்லை. ஆனால், அரசின் நோக்கம் பெண்களின் வருமானத்தையும் உயர்த்துவது என்றால், குழாய் மட்டும் போதாது. கிடைத்த இரண்டு மணி நேரத்தை விற்க அருகில் ஒரு சந்தை வேண்டும். பகுதிநேர வேலை, நம்பிக்கையான பேருந்து, குழந்தையை விட்டுச் செல்ல அங்கன்வாடி, சுய உதவிக் குழுவின் கடன் ஆகியவற்றில் ஒன்றிரண்டாவது உடன் இருக்க வேண்டும்.

நாட்டின் ஊரகப் பெண்களில் தொழிலாளர் படையில் இருப்போர் விகிதம் 2017-18-இல் 24.6 விழுக்காடாக இருந்து, 2023-24-இல் 47.6 விழுக்காடாக உயர்ந்ததாகக் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு காட்டுகிறது. குழாய் இணைப்புகள் பெருகியதும் இதே ஆண்டுகளில்தான். இரண்டையும் இணைத்து, ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்று கூறும் ஆசை எவருக்கும் எழும். அந்த உயர்வில் பெரும்பகுதி சுயதொழிலாகவும், ஊதியமில்லாக் குடும்ப உழைப்பாகவும் பதிவாகியிருப்பதை நினைவில் கொண்டால், அவசர முடிவுக்கு வரமாட்டோம். பெருந்தொற்றுக் காலத்து நெருக்கடி, கணக்கெடுப்பில் வினாக்கள் கேட்கப்படும் முறை எனப் பல காரணங்கள் அதனுள் கலந்துள்ளன. நீர் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே காரணம் அன்று.

இங்கு இலக்கின் அளவையும் கவனிக்க வேண்டும். 55 லிட்டர் என்பது குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க வேண்டிய அளவு. ஒரு கறவை மாடு கோடைநாளில் ஐம்பது லிட்டருக்கு மேலும் குடிக்கக்கூடும். பால் மாடு வளர்த்து வருமானம் பெற நினைக்கும் குடும்பத்துக்கு அந்த மாடு, வீட்டில் மேலும் ஓர் ஆள். வீட்டு நீரின் அளவை வகுக்கும்போது வாழ்வாதார நீரைக் கணக்கில் கொள்ளாவிட்டால், மிச்சமான நேரம் மாட்டுக்கு நீர் சுமப்பதிலேயே கழிந்துவிடும்.

இரண்டாவது நிலைத்த பயன், உடல்நலம். பாதுகாப்பான நீர் அனைவருக்கும் கிடைத்தால் வயிற்றுப்போக்கால் நேரும் ஏறத்தாழ நான்கு லட்சம் இறப்புகளைத் தவிர்க்கலாம் என்றும், 8.2 லட்சம் கோடி ரூபாய் வரை மிச்சமாகும் என்றும் அதே உலக சுகாதார நிறுவன மதிப்பீடு சொல்கிறது. இதன் பொருளாதார முகத்தைத் தமிழ்நாட்டிலேயே காணலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் அது இருக்க வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில் ஒன்றரை மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அளவு மீறிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பற்கள் கறைபடுவதோடு, எலும்பும் மூட்டுகளும் இறுகும். குனிந்து களை எடுக்கவும், நிமிர்ந்து கல் தூக்கவும் முடியாத கூலித் தொழிலாளிக்கு உடல்தான் முதலீடு. அந்த முதலீட்டை அரித்தது அவர் குடித்த நீர். ஜப்பானியக் கடனுதவியுடன், 1,900 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில், 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் உண்மையான வரவை, அதைக் கட்டியவர்களின் கூலியில் மட்டும் அளக்க முடியாது. நாற்பது வயதிலும் முதுகு வளைந்து வேலை செய்யக்கூடிய ஒரு தலைமுறையில்தான் அளக்க முடியும்.

இழப்பவர்களும் இல்லாமல் இல்லை. கோடையில் டிராக்டரிலும் தள்ளுவண்டியிலும் குடம் இவ்வளவு என்று நீர் விற்றுப் பிழைத்தவருக்குக் குழாய்நீர் ஒரு போட்டியாளர். ஆயினும், குடிநீருக்காகக் கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்துவந்த ஏழைக் குடும்பத்துக்கு அந்தச் செலவு மிச்சமாவது, கூலி உயர்ந்ததற்குச் சமம். அந்தப் பணம் ஊர்க் கடையில் அரிசியாகவும் எண்ணெயாகவும் மாறி, உள்ளூர் வணிகத்தை வளர்க்கும்.

மேற்சொன்ன பயன்கள் அனைத்துக்கும் ஒரே நிபந்தனைதான்: நீர் நாள்தோறும் வர வேண்டும். நேரம் மிச்சமாவதும் நோய் குறைவதும் குழாய் பதித்த நாளில் கிடைக்கும் பயன்கள் அல்ல. நீர் வரும் ஒவ்வொரு நாளும் கிடைப்பவை. வாரத்தில் இரண்டு நாள் வரும் நீருக்காக, எந்த நேரத்தில் வருமோ என்று காத்திருக்கும் பெண் வேலைக்குப் போக முடியாது. முன்பு நடந்தவர் இப்போது காத்திருக்கிறார் என்பதே அங்கு நிகழும் மாற்றம். நம் புள்ளிவிவரங்களோ இணைப்பு தரப்பட்டதா என்பதையே முதன்மையாக எண்ணுகின்றன.

நீர் வருவதும் வராததும் எவர் கையில் இருக்கிறது? தலைநகரில் இருப்பவர்கள் கையில் மட்டும் இல்லை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊராட்சியிலும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்குபவர் ஒருவர் இருக்கிறார். மோட்டார் போடுவதும், தொட்டி நிரம்பியதும் தெருத் தெருவாக வால்வைத் திறந்துவிடுவதும், குளோரின் கலப்பதும், தொட்டியைக் கழுவுவதும் அவர் பணி. மின்சாரம் நள்ளிரவில் வந்தால் அவரும் நள்ளிரவில் எழ வேண்டும். இதற்கு அவருக்குக் கிடைப்பது மாதம் சில ஆயிரம் ரூபாய் தொகுப்பூதியம். காலமுறை ஊதியம் வேண்டும் என்ற அவர்களது கோரிக்கை ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தின் மொத்த மதிப்பீட்டை, புதிதாக இணைப்பு பெற வேண்டியிருந்த வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வீடொன்றுக்கு 22,000 ரூபாய்க்குக் குறையாது. முந்நூறு வீடுகள் கொண்ட ஓர் ஊரில் இது 66 லட்சம் ரூபாய்ச் சொத்து. 66 லட்சம் ரூபாய் மதிப்புள்ள இயந்திரத்தை வாங்கும் எந்த ஆலை உரிமையாளரும் அதை இயக்குபவருக்கு அரைகுறை ஊதியமும், பழுதுபார்க்கச் சுழியமும் ஒதுக்கமாட்டார். பொதுச் சொத்து விஷயத்தில் மட்டும் நாம் அதைத் தயங்காமல் செய்கிறோம். ஒரு மோட்டார் எரிந்து, அதைச் சரிசெய்யப் பணமின்றி ஒரு மாதம் நின்றுபோனால், முந்நூறு வீட்டுப் பெண்களும் மீண்டும் குடத்தை எடுப்பார்கள். அந்த இழப்பு எந்தக் கணக்கெடுப்பிலும் பதிவாகாது.

பராமரிப்பு வேலைகள் எண்ணிக்கையில் கட்டுமான வேலைகளைவிடக் குறைவு. ஆனால், அவை ஊரிலேயே இருப்பவை, ஆண்டுதோறும் தொடர்பவை, நிதிநிலை அறிக்கையின் ஏற்ற இறக்கத்துக்கு அவ்வளவாக ஆட்படாதவை. பெண்களுக்கும் அவற்றில் இடமுண்டு. நீரின் தரத்தைச் சோதிக்கும் கையடக்கக் கருவிகளைப் பயன்படுத்த, ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிப்பது திட்டத்தின் ஒரு பகுதி. நாடு முழுவதும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இப்பயிற்சியைப் பெற்றிருக்கிறார்கள். பயிற்சி தந்ததோடு நிறுத்தாமல், சோதனைக்கு ஒரு நியாயமான கட்டணத்தையும் உறுதிசெய்தால் அது வேலை. இல்லையேல், பெண்களின் ஊதியமில்லா உழைப்புப் பட்டியலில் மேலும் ஒன்று.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. 15-ஆவது நிதிக் குழு, ஊரக உள்ளாட்சி அமைப்புகளுக்கு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 2.37 லட்சம் கோடி ரூபாயைப் பரிந்துரைத்து, அதில் 60 விழுக்காட்டைக் குடிநீர், துப்புரவுப் பணிகளுக்கென்றே கட்டுப்படுத்தியது. இத்தகைய மானியத்தில் ஒரு பங்கை இயக்குபவரின் ஊதியத்துக்கும், பழுதுநீக்கும் வைப்புநிதிக்கும் என்று ஒதுக்குவதை மாநிலங்கள் வழக்கமாக்கலாம். மின்கட்டணத்தைப் பெரிய ஊராட்சியும் சிறிய ஊராட்சியும் ஒரே விதமாகச் சுமக்க முடியாது என்பதால், சிறிய ஊராட்சிகளுக்கு மாநில அரசு கைகொடுக்க வேண்டும்.

மக்களும் பங்களிக்கலாம். முந்நூறு வீடுகள் மாதம் அறுபது ரூபாய் வீதம் தந்தால் பதினெட்டாயிரம் ரூபாய் சேரும். இயக்குபவருக்குக் கௌரவமான ஊதியம் தர இது ஒரு தொடக்கம். 'நீருக்கும் காசா?' என்ற கேள்வி எழும். ஏழைக் குடும்பங்களுக்கு விலக்களித்தே இதைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், வராத இலவச நீருக்கு மாற்றாகக் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குபவர் அந்த ஏழைதான் என்பதையும் மறக்கலாகாது. கட்டணத்துக்கு முன்னதாக நீர் வர வேண்டும். நீர் ஒழுங்காக வரும் ஊரில் கட்டணம் கேட்பது எளிது. வரவும் செலவும் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும்.

கணக்கெடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தனை இணைப்புகள், இத்தனை மனித ஆண்டுகள் என்பவற்றோடு, சென்ற மாதம் எத்தனை நாள் நீர் வந்தது, எந்த நேரத்தில் வந்தது, பழுது எத்தனை நாளில் நீக்கப்பட்டது ஆகிய மூன்று கேள்விகளையும் ஒவ்வோர் ஊரிலும் கேட்டு வெளியிட வேண்டும். கேள்வியும் பெண்களிடமே கேட்கப்பட வேண்டும். விடை அவர்களிடம்தான் இருக்கிறது.

திருச்சிப் பகுதியில் காவிரியில் எடுக்கப்படும் நீர், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே இன்று ராமநாதபுரம் மாவட்டம் வரை செல்கிறது. ஓய்வுபெற்ற பின் ஒருமுறை, நான் அன்று சென்ற அந்த ஊருக்குப் போயிருந்தேன். தெருவில் குழாய்கள் இருந்தன. அன்றைக்கு நீர் வரும் முறை இல்லை. ஒவ்வொரு குழாயின் முன்பும் வண்ண வண்ண பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. அவற்றின் அருகே ஓர் இளம்பெண் படித்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் மூன்றாமாண்டு என்றார். 'இன்று வகுப்பு இல்லையா?' என்றேன். 'நாளைக்குக் காலைல தண்ணி விடுவாங்கன்னு சொன்னாங்க சார். சில சமயம் இன்னைக்கே வந்துடும். அம்மா வேலைக்குப் போயிருக்காங்க, அதான் நான் இருக்கேன்' என்றார்.

அம்மா வேலைக்குப் போயிருக்கிறார். மகள் வகுப்புக்குப் போகாமல் குடத்துக்குக் காவல் இருக்கிறாள். குழாய் வந்ததன் பயனும் நீர் ஒழுங்காக வராததன் விலையும் அந்த ஒரு வீட்டிலேயே இருந்தன. அந்தப் பெண்ணை வகுப்புக்கு அனுப்ப இனி இன்னொரு நதியைத் திருப்ப வேண்டியதில்லை. நீர் வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லி, சொன்ன நேரத்தில் வால்வைத் திறக்கும் ஒருவருக்கு முறையான ஊதியம் தந்தால் போதும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)